ஸ்கைரிம்: பதுங்கி நிற்பவருக்கு மட்டும் ஏன் இத்தனை சலுகை?

பெதஸ்டா கேம் ஸ்டுடியோஸ் உருவாக்கிய ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்’ 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. 2016இல் ஸ்பெஷல் எடிஷனாகவும் 2021இல் ஆனிவர்சரி எடிஷனாகவும் அது மீண்டும் விற்பனைக்கு வந்து, இன்றும் புதிய ஆட்டக்காரர்களை ஈர்த்துக்கொண்டே இருக்கிறது. அதன் மலைகளையும் இசையையும் பற்றி நிறையப் பேசியாகிவிட்டதால், இந்த மதிப்புரையை ஒரே ஒரு கேள்விக்கு ஒதுக்குகிறேன். ஒளிந்து தாக்கும் பாத்திரத்தை இந்த கேம் போர்வீரனோடும் மந்திரவாதியோடும் சமமாக நிறுத்துகிறதா? இல்லை என்பதே என் முடிவு. ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சரியானதல்ல என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன்.

நெருப்பை எறியும் மந்திரவாதியாகவோ இரட்டைக் கோடரி ஏந்திய நார்ட் இன வீரனாகவோ தொடங்கும் ஆட்டக்காரர், சில வாரங்களில் இருட்டில் குனிந்தபடி வில்லை வளைத்துக்கொண்டிருப்பார் என்பது ஸ்கைரிம் ஆடுபவர்களிடையே எல்லோரும் அறிந்த கதை. இது ஆட்டக்காரரின் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமல்ல. விதிகள் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. எப்படி என்பதை எண்களிலிருந்தே பார்க்கலாம்.

ஸ்கைரிமில் தொடக்கத்தில் கிளாஸ், அதாவது பாத்திரத்தின் தொழில்வகை, எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மொத்தம் 18 திறன்கள், போர், மந்திரம், மறைவு என்ற மூன்று குழுக்களில் ஆறு ஆறாகப் பிரிந்திருக்கின்றன. நாம் எதைப் பயன்படுத்துகிறோமோ அது வளர்கிறது. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பெர்க், அதாவது ஒரு திறனுக்குரிய சிறப்புச் சலுகை, கிடைக்கிறது. அதை எந்தத் திறனிலும் செலவிடலாம். மறைவுக் குழுவில் பதுங்கல், பூட்டுத் திறத்தல், பிக்பாக்கெட், பேச்சு, ரசவாதம், இலகுக் கவசம் ஆகியவை உள்ளன. வில்வித்தை இந்தக் குழுவில் இல்லை. அது போர்க் குழுவைச் சேர்ந்தது. ஆனால் பதுங்கலுக்குரிய பெர்க் வரிசையில் வில்லுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது. இந்த இரண்டும் சந்திக்கும் புள்ளியில்தான் கேமின் சமநிலை குலைகிறது.

இனி எண்கள். கேமில் கிடைப்பவற்றுள் மிக எளிய ஆயுதங்களில் ஒன்றான இரும்புக் குறுவாளின் அடிப்படைச் சேதம் (ஓர் அடி எதிரியின் உயிரில் குறைக்கும் அளவு) 4. விற்பனையில் எளிதில் கிடைக்காத, கடின உழைப்புக்குப் பிறகு கைக்கு வரும் ‘டேட்ரிக்’ என்னும் உயர்வகை இருகை வாளின் அடிப்படைச் சேதம் 24. எதிரி பார்க்காதபோது ஒருகை ஆயுதத்தால் தாக்கினால் எந்தப் பெர்க்கும் இல்லாமலேயே சேதம் 3 மடங்காகிறது. பதுங்கல் 30ஐத் தொட்டபின் ஒரு பெர்க் அதை 6 மடங்காக்குகிறது. 50ஐத் தொட்டபின் குறுவாளுக்கு மட்டும் அது 15 மடங்காகிறது. திறன்களால் வரும் மற்றக் கூடுதல்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், இரும்புக் குறுவாளின் ஒரு குத்து 60. டேட்ரிக் வாளை நேருக்கு நேர் நின்று இரண்டு முறை வீசினாலும் 48தான். டார்க் பிரதர்ஹுட் என்னும் கொலையாளிகள் சங்கம் தரும் கையுறைகளை அணிந்தால் பின்னிருந்து குத்தும் சேதம் இன்னும் ஒரு முறை இரட்டிப்பாகி 120 ஆகிறது. மந்திரவாதியின் பக்கம் திரும்பினால், அழித்தல் திறனில் வல்லுநர் நிலைக்குரிய ‘இன்சினரேட்’ என்னும் நெருப்பு மந்திரத்தின் அடிப்படைச் சேதமும் சரியாக 60. அதன் அடிப்படைச் செலவோ ஏறத்தாழ 300 மேஜிக்கா, அதாவது மந்திர ஆற்றல். தொடக்கத்தில் பெரும்பாலான இனப் பாத்திரங்களிடம் இருப்பது 100 மேஜிக்கா மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், அந்த 60க்கு மந்திரவாதி எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் குற்றவாளி 15 மடங்குதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 15 மடங்கு கிடைக்க வேண்டுமென்றால் இலகுக் கவசத்தோடு, விளக்கு வெளிச்சத்தைத் தவிர்த்து, காவலாளியின் முதுகுக்கு ஒரு கை தொலைவு வரை ஊர்ந்து செல்ல வேண்டும். திரையின் நடுவில் இருக்கும் கண் சின்னம் மெல்லத் திறக்கத் தொடங்கினால் அசையாமல் நின்று காத்திருக்க வேண்டும். கடைசி அடியில் பிசகினால் பகைவர் நடுவே தனியாக அகப்பட்டுக்கொள்கிறோம். பெரிய பலனுக்குப் பெரிய ஆபத்து என்ற நியாயமான பேரம் அது. அந்தக் குத்து எதிரியை ஒரே அடியில் வீழ்த்தவில்லை என்றால்தான் நான் வருத்தப்படுவேன்.

சமநிலையைக் குலைப்பது வில்லுக்குக் கிடைக்கும் வெறும் 3 மடங்கு. பெர்க் இல்லாமல் 2 மடங்கு, பதுங்கல் 40ஐத் தொட்டபின் மூன்றாவது பெர்க்கில் 3 மடங்கு. பார்வைக்கு அடக்கமான எண்தான். ஆனால் வில்வித்தையின் முதல் பெர்க்கை ஐந்து படிகளும் எடுத்தால் அம்பின் சேதம் தனியாக இரட்டிப்பாகிறது. கொல்லன் பட்டறையில் மெருகேற்றினால் மேலும் கூடுகிறது.  இவை கூடிக்கூடி வந்தபின் கடைசியில் அந்த 3 அவற்றைப் பெருக்குகிறது. ரசவாதத்தில் தயாரித்த நஞ்சு தனியாக அதன்மேல் ஏறுகிறது. இத்தனையும் எதிரி நம்மைத் தொடவே முடியாத தொலைவிலிருந்து நடக்கின்றன. குறுவாள்காரர் தரும் விலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட வில்லாளி தருவதில்லை.

தவறிவிட்டால் என்ன ஆகிறது என்பதையே ஒளிந்து தாக்கும் பாத்திரத்தின் உண்மையான அளவுகோலாக நான் கொள்கிறேன். ஸ்கைரிமில் தவறினால் அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. அம்பு தைத்தும் சாகாத கொள்ளைக்காரன் வாளை உருவிக்கொண்டு சற்று நேரம் சுற்றுமுற்றும் தேடுகிறான். ஒன்றும் அகப்படவில்லை என்றால், உடலில் அம்பு துருத்திக்கொண்டிருக்க, தன் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறான். பக்கத்தில் கூட்டாளியின் பிணம் கிடந்தால் ஒரு வார்த்தை புலம்புவான். அதற்குப் பிறகு அதே கதைதான். கோட்டைக் கதவுகள் மூடப்படுவதில்லை, மணி அடிப்பதில்லை, யாரும் ஓடிப்போய் ஆள் கூட்டி வருவதில்லை, இரவு முழுவதும் காவல் இரட்டிப்பாவதில்லை. அந்தச் சிறிது நேரம் கழிந்தவுடன் அடுத்த அம்பும் ‘பார்க்காதபோது விழுந்த அம்பு’ என்ற கணக்கில் சேர்ந்து முழுப் பெருக்கலையும் பெறுகிறது. பதுங்கல் 100ஐத் தொட்டபின் கிடைக்கும் ‘ஷேடோ வாரியர்’ என்னும் பெர்க் இந்தச் சிறு காத்திருப்பையும் நீக்கிவிடுகிறது: சண்டையின் நடுவே குனிந்தாலே போதும், எதிரிகள் ஒரு கணம் நம்மைத் தொலைத்துவிடுகிறார்கள். உச்சத் திறனுக்கு உச்சப் பரிசு இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டாலும், கீழ்ப் படிகளில் இருக்க வேண்டிய தண்டனை முதலிலிருந்தே இல்லாததால் அந்தப் பரிசுக்கு மதிப்பில்லாமல் போகிறது.

போர்வீரன் தவறினால் அவன் உயிர் குறைகிறது. மந்திரவாதி குறி தவறினால் மேஜிக்கா வீணாகிறது. வில்லாளி மட்டும், மறைவிடம் இருக்கும் வரை, அரை நிமிடம் பொறுத்துத் தன் வாய்ப்பை முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். மூன்று கிளாஸ்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு எனக்கு இங்கேதான் தெரிகிறது. சேத எண்களில் அல்ல.

இடங்களின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. நார்டிக் கல்லறைகள் நீண்ட, இருண்ட நடைபாதைகளால் ஆனவை. அங்கே எதிரிகளான ட்ராகர்கள் (உயிர்பெற்று எழும் பிணங்கள்) சுவரில் குடைந்த மாடங்களில் படுத்து உறங்கிக்கொண்டிருப்பதால், அவை எழுவதற்கு முன்பே தொலைவிலிருந்து ஒவ்வொன்றாக வீழ்த்திவிடலாம். நிலத்தடியில் வாழும் ஃபால்மர்கள் பார்வையற்றவர்கள். செவியால் மட்டுமே உலகை அறியும் ஓர் இனத்தைக் கற்பனை செய்துவிட்டு, அதற்கேற்பப் பதுங்கும் முறையையே தலைகீழாக மாற்றும் நல்ல வாய்ப்பை வடிவமைப்பாளர்கள் கைநழுவ விட்டுவிட்டார்கள். அந்தக் குகைகளிலும் மற்ற இடங்களில் ஆடுவதுபோலவே குனிந்து, காத்திருந்து, அம்பு விட்டால் போதுமானதாக இருக்கிறது. டிராகன்கள் மட்டுமே நம்மைத் திறந்த வெளிக்கு இழுத்து நேர்ச் சண்டைக்குக் கட்டாயப்படுத்துகின்றன. அங்கே வில்லாளியும் மற்றவர்களைப் போலத் திணறுவதைப் பார்க்கும்போது, கேம் முழுவதும் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

மந்திரவாதியின் நிலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அநீதி அதிகம் நடந்திருப்பது அங்கேதான். ஆயுதங்களின் சேதம் திறன் வளர வளரக் கூடுகிறது. பட்டறையிலும் கூட்டலாம், மந்திரமேற்றியும் கூட்டலாம். அழித்தல் மந்திரங்களுக்கோ திறன் வளர்ந்தால் செலவு குறைகிறதே தவிரச் சேதம் கூடுவதில்லை. அணிகலன்களில் ஏற்றும் மந்திரமும் செலவை மட்டுமே குறைக்கிறது. நெருப்புக்கு 50 சதவீதம் கூடுதல் பெற, அழித்தல் 60ஐத் தொட்டு, முதல் நிலைப் பெர்க்கோடு சேர்த்து மூன்று பெர்க்குகளைச் செலவிட வேண்டும். அதே மூன்று பெர்க்குகளைப் பதுங்கலில் போட்டால் வில்லுக்கு 3 மடங்கு வந்துவிடுகிறது. மந்திரத்தின் சேதத்தையே உயர்த்த நினைக்கும் மந்திரவாதிக்கு ரசவாத மருந்து ஒன்று உதவும். ஆனால் ரசவாதம் எந்தக் குழுவில் இருக்கிறது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

மறைந்திருந்து எறியும் மந்திரத்துக்கு எந்தப் பெருக்கலும் இல்லை. மாயத்தோற்றத் திறன் 50ஐத் தொட்டால் எல்லா மந்திரங்களையும் ஓசையின்றி ஏவும் பெர்க் கிடைக்கிறது. காலடி ஓசையை அடக்கும் மந்திரமும் உருவத்தை மறைக்கும் மந்திரமும் அதே திறனில் இருக்கின்றன. ஆக, கேமில் மிகச் சிறப்பாக ஒளியக்கூடியவர் மந்திரவாதிதான். அப்படி ஒளிந்து, ஓசையின்றி, உறங்கும் எதிரியின் நெஞ்சில் ‘இன்சினரேட்’டை எறிந்தால் விழுவது அதே 60. பக்கத்தில் நின்று நான்கு ரூபாய்க் கத்தியால் குத்துபவருக்குக் கிடைக்கும் பெருக்கல் அவருக்கு மறுக்கப்படுகிறது. விதிவிலக்கு ஒன்றுண்டு: வரவழைத்தல் திறனில், கையில் ஒரு மாய வில்லைத் தோன்றச் செய்யும் மந்திரம். அது வில்லாகக் கருதப்படுவதால் பதுங்கலின் முழுப் பலனும் அதற்குக் கிடைக்கிறது. மந்திரவாதியும் வலுப்பெற வேண்டுமானால் வில்லைத்தான் எடுக்க வேண்டும் என்று கேமே சொல்லிக்கொடுக்கிறது.

கனக்கவசம் அணிந்த வீரனுக்கும் மறைவு ஏறத்தாழ இலவசமாகவே கிடைக்கிறது. கவசத்தின் எடை ஓசையைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் ஒரு பெர்க் அந்த ஓசையைப் பாதியாகக் குறைக்கிறது. காலணியில் ஏற்றும் ஒரு மந்திரம் அதை அறவே அடக்குகிறது. கனக்கவசம் 70ஐத் தொட்டபின் அணிந்த கவசத்துக்கு எடையே இல்லாமல் போகிறது. கேமின் டேட்ரா தெய்வங்களுள் ஒன்று பரிசாகத் தரும் ‘எபனி மெயில்’ கனக்கவசமாக இருந்தும் அணிந்தவரைக் குறைந்த ஓசையோடு நடக்க வைக்கிறது. இந்தக் கேமில் மறைவு என்பது ஒரு கிளாஸின் தனித்தன்மையாக இருப்பதில்லை. சாம்பாருக்குப் போடும் பெருங்காயம்போல யார் வேண்டுமானாலும் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான வலுவான வழி ஒன்று இருக்கும்போது மற்ற வழிகளைத் தேர்வு செய்வதற்குக் காரணம் குறைந்துகொண்டே போகும்.

இந்தச் சிக்கல் ஸ்கைரிமோடு பிறந்ததல்ல. மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974இல் வெளிவந்த முதல் பதிப்பில் கள்வன் என்ற கிளாஸே கிடையாது. 1975இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூலில்தான் அது சேர்க்கப்பட்டது. 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் கள்வனின் முதுகுக்குத்து, லெவலைப் பொறுத்து 2 மடங்கிலிருந்து 5 மடங்கு வரை சேதத்தைப் பெருக்கியது. மாற்றாக, நேர்ச் சண்டையில் கள்வன் பலவீனமானவன்; ஆனால் குறைந்த அனுபவப் புள்ளிகளிலேயே அடுத்த லெவலுக்குப் போய்விடுவான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு பெருக்கலைக் கைவிட்டுக் கூட்டலுக்கு மாறியது: மறைதாக்குதலுக்குச் சில பகடைகள் கூடுதலாக உருட்டப்படும், அவ்வளவுதான். 2014இன் ஐந்தாம் பதிப்பில் அது 1 பகடையில் தொடங்கி 10 பகடைகள் வரை வளர்கிறது. ஒருவர் ஆடும் ஒரு முறையில் ஒரு தடவைக்குமேல் அதைப் பயன்படுத்த முடியாது. கூட்டலின் நன்மை பெரிது. மந்திர வாளோ மெருகேற்றிய வில்லோ எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்தப் பகடைகள் அவற்றைப் பெருக்காமல் தம் பங்கை மட்டும் சேர்க்கின்றன. மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஆடும்போது ஒருவருடைய பாத்திரம் மற்ற மூவரையும் வேடிக்கை பார்க்க வைத்துவிடக் கூடாது என்ற கவலை அந்த வடிவமைப்பில் தெரிகிறது. கள்வன் முன்னே போய் உளவு பார்த்துக்கொண்டிருக்க மற்றவர்கள் கைகட்டிக் காத்திருக்கும் அலுப்பையும் ஐந்தாம் பதிப்பு கவனத்தில் கொள்கிறது: குழு ஒன்றாகப் பதுங்கும்போது பாதிப் பேர் வெற்றி பெற்றால் குழு முழுவதும் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம் என்பதால், தகட்டுக் கவசம் அணிந்த தோழனையும் உடன் அழைத்துச் செல்லலாம்.

அந்த விதிகளை அடிப்படையாகக் கொண்டு லேரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ஐ ஆடியபின் ஸ்கைரிமுக்குத் திரும்பினால் வேறுபாடு உடனே உறைக்கிறது. அங்கே 12 கிளாஸ்கள், உச்ச லெவல் 12. ரோக் (கள்வன்) பாத்திரத்தின் மறைதாக்குதல் 11ஆம் லெவலில் ஆறு ஆறுமுகப் பகடைகளாக வளர்கிறது. சராசரியாக 21 சேதம் கூடுகிறது. அதே லெவலில் ஃபைட்டர் (போர்வீரர்) ஒரு செயலில் மூன்று முறை வெட்டுகிறார். ஒருவர் ஒரே அடியில் தருவதை மற்றவர் மூன்று அடிகளில் தருகிறார். இருவருக்கும் தத்தம் பெருமை இருக்கிறது. எதிரி பார்க்கும் பரப்பு தரையில் சிவப்பாகத் தெரிவதால் எங்கே நிற்பது என்பது ஆட்டக்காரரின் முடிவாகிறது. கண்டுபிடிக்கப்பட்டால் சண்டை தொடங்கி, எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக ஆடும் முறைவரிசைக்குள் இழுக்கப்படுகிறார்கள். அரை நிமிடம் பொறுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது எளிதல்ல. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் தவறுக்கு விலை இருக்கிறது.

தனியாக ஆடும் கேமில் சமநிலை எதற்கு, யாரோடு போட்டி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மேசை விளையாட்டில் சமநிலை பிற ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் மரியாதை. தனி ஆட்டத்தில் அது, நாம் தேர்ந்தெடுக்காத வழிகளுக்குச் செய்யும் மரியாதை. ஐஸ் ஸ்பைக் என்னும் பனி மந்திரத்தைக் கொண்டு ஒரு கோட்டையைப் பிடிக்க நினைப்பவர் அதை முழு மனத்தோடு செய்ய முடிய வேண்டும். வில்லை எடுத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்ற எண்ணம் ஒவ்வொரு அறையிலும் அவரைத் துரத்தக் கூடாது. ஸ்கைரிமில் அந்த எண்ணம் துரத்துகிறது. 2013இல் ஒரு திருத்தத்தோடு வந்த ‘லெஜண்டரி’ கடினநிலை அதை இன்னும் கூர்மையாக்கியது. அங்கே நாம் தரும் சேதம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. நாம் வாங்கும் சேதம் மூன்று மடங்காகிறது. முதல் விதி எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்கிறது. இரண்டாவது, அடி வாங்கி ஆடுபவர்களை மட்டுமே பாதிக்கிறது. கண்ணில் படாதவருக்கு மூன்று மடங்கும் ஒன்றுதான், முப்பது மடங்கும் ஒன்றுதான். கடினநிலையை உயர்த்த உயர்த்தக் கிளாஸ்களுக்கு இடையிலான இடைவெளி அகலுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், பதுங்கி ஆடும் அனுபவம் ஸ்கைரிமின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குனிந்தவுடன் உலகத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறோம். விளக்குகள், காலடிகள், மூச்சுவிடும் இடைவெளிகள் எல்லாம் பொருள் பெறுகின்றன. ரிஃப்டன் நகரத் திருடர் சங்கத்தின் கதைவரிசையும், அதன் முடிவில் நாக்டர்னல் என்னும் தெய்வத்தின் நிழலைப் போர்த்திக்கொண்டு, சிறிது நேரத்துக்குப் பதுங்கும்போதெல்லாம் உருவம் மறையும் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் எனக்கு மிகவும் பிடித்தவை. இந்த இன்பத்தை யாரும் குறைக்க வேண்டியதில்லை. காவலர்களுக்கு நினைவாற்றல் கொடுத்திருந்தால், ஒளிந்திருந்து ஏவும் மந்திரத்துக்கும் ஓரளவு பெருக்கல் கொடுத்திருந்தால், அம்பின் பெருக்கல் தொலைவைப் பொறுத்துத் தேய்ந்திருந்தால், அந்த இன்பம் இன்னும் கூடியிருக்கும்.

இன்று புதிதாக வாங்கி ஆடப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. வில்லைச் சண்டை தொடங்கிய பிறகு மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டு, மறைவிலிருந்து குறுவாளோடு ஆடுங்கள். அல்லது மாயத்தோற்றத் திறனை முதன்மையாகக் கொண்டு எதிரிகளை ஒருவரோடொருவர் மோதவிடும் மந்திரவாதியாக ஆடுங்கள். பின்னது தொடக்கத்தில் சிரமம், லெவல் கூடிய எதிரிகளிடம் மந்திரங்கள் பலிக்காமலும் போகும். ஆனால் பெர்க்குகள் சேரச் சேர, பதுங்கும் பாத்திரத்துக்கு இணையாக நிற்கக்கூடிய ஒரே மந்திர வழி அது. கடினநிலையை லெஜண்டரிக்குக் கொண்டுபோக வேண்டாம். கணினியில் ஆடுபவர்கள் ‘ஆர்டினேட்டர்’ என்னும் மாடை (ஆட்டக்காரர்களே கேமை மாற்றி உருவாக்கும் இணைப்பை) நிறுவிக்கொள்ளலாம். 400க்கும் மேற்பட்ட பெர்க்குகளோடு எல்லாத் திறன் வரிசைகளையும் புதிதாக எழுதும் அந்த மாடில் மந்திரவாதிக்கு வழிகள் பெருகுகின்றன, காவலர்களின் மறதி மட்டும் அப்படியே இருக்கும். இத்தகைய மாட்களுக்கும் இந்த ஆட்டமுறைக்கும் ஸ்பெஷல் எடிஷன் போதும். ஆனிவர்சரி எடிஷனில் கூடுதலாக வரும் பொருள்களும் பயணங்களும் பதுங்கலின் அடிப்படை விதிகளைத் தொடுவதில்லை என்பதால், இந்த ஒரு காரணத்துக்காக அதற்கு மேலும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.